விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு பிலிம் சுருள்

கல்லடிக் கடற்கரையோரம், சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு அடித்துக் கொடுத்த தகரக் கொட்டில்கள். பொழுது சாய்கிறது, கரண்ட் இல்லை. ஒரு கொட்டிலுக்குள் சின்னதாக ஒரு கல்யாணம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை, பெண் இருவருமே முதல் துணையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டவர் பெண்ணின் மூத்த அக்கா பூரணம்.

“பிளாஷ் மட்டும் வேணாம் மனே. முன்னுக்கு ஆமிட காவல் சென்றி கிடக்கு. பளிச்செண்டு அடிச்சா ஆமிக்காரன் ஓடி வருவான்.”

என் பையில் இரண்டு வகைக் கறுப்பு வெள்ளை பிலிம் இருக்கிறது. 3200 வேகமுள்ளது இந்த ஒற்றைக் குப்பி விளக்கிலும் படம் பிடிக்கும். ஆனால் முகமெல்லாம் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். 400 நுணுக்கமாகப் பதியும். அதற்கு இந்த வெளிச்சம் போதாது. பூரணத்திடம் இதைச் சொல்லிவிட்டு 3200 சுருளைக் கையில் எடுக்கிறேன்.

“முந்தின கல்யாணப் படமெல்லாம் கடலோட போயிட்டு. இதிலயாவது அவள்ற முகம் வடிவா விழோணும். கொஞ்சம் பொறுங்க, வாறன்” என்று வெளியே போகிறார்.

சற்று நேரத்தில் அக்கம்பக்கத்துக் கொட்டில் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் எரியும் விளக்கு. காற்றுக்கு உள்ளங்கையால் மறைத்தபடி மணமக்களைச் சுற்றி நிற்கிறார்கள். தகரச் சுவர் தகதகக்கிறது. மணப்பெண்ணின் இமைமுடிகூடத் தெரிகிறது. இப்படியொரு வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோவிலும் நான் கண்டதில்லை.

400 சுருளைப் போடுகிறேன். “அசையாதீங்க” என்றதும் விளக்குப் பிடித்தவர்களும் மூச்சை அடக்குகிறார்கள். வாசலுக்கு அப்பால் அவர்களுடைய கொட்டில்களெல்லாம் இருண்டு கிடக்கின்றன.