சமையலறை கேட்டவருக்குப் பொன்னாடை

நாங்கள் குடிபெயர்ந்து வாழும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் தெருமுனைத் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், கறுப்பினப் பெண்கள் சிலர் சனிக்கிழமைகளில் சமைப்பார்கள். பனிக்காலத்தில் வெளியே இறங்க முடியாத முதியவர்களின் வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. பித்தப்பை ஒப்பரேசனுக்குப் பிறகு நான் கட்டிலில் கிடந்தபோது, முன்பின் தெரியாத எனக்கும் அவர்களிடமிருந்து பூசணிக்காய்ச் சூப் வந்தது. எங்கள் தமிழ் ஆட்களும் வந்தார்கள்தான். அப்பிளும் தோடம்பழமும் கொண்டுவந்து, இருந்து கதைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். தேத்தண்ணி போட்டது நான்.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் நானும் அங்கே வெங்காயம் உரிக்கப் போனேன். கிழமை முழுக்க லாசாலில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் அடைக்கிற வேலை, சனிக்கிழமை இது. அந்தச் சமையலை நடத்துகிறவர் ஹெயிட்டியிலிருந்து வந்தவர். வைத்தியசாலையில் நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை அவருக்கு. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மற்றப்படி எங்களுக்குள் பிரெஞ்சுதான்.

போன மார்கழிக் குளிரில் அந்த நிலக்கீழ் அறையின் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. கோடை வரும்வரை பூட்டு. "உங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் பெரிய சமையலறை இருக்கிறதே, சனி காலைகளில் தருவார்களா?" என்று அக்கா கேட்டார். காலையில் மண்டபம் சும்மாதான் கிடக்கும். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

செயற்குழுவில் சொன்னதும் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவையின்ரை போராட்டமும் எங்கடை போராட்டமும் ஒண்டுதான், தங்கச்சி," என்றார். பொருளாளருக்குக் கண் கலங்கவில்லை. "மாட்டிறைச்சி காய்ச்சுவினமோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. சோறும் அவரைக்கொட்டையும், மரக்கறியும்தான்."

"எண்டாலும் சட்டி பானை..." என்று இழுத்தார். அந்தச் சட்டி பானையில் எங்கள் ஆட்கள் ஆட்டிறைச்சி காய்ச்சி, கழுவாமல் வைத்துவிட்டுப் போனதைத் தேய்த்தெடுத்த கை என்னுடையது. அதைச் சொல்ல வாயெடுக்க முதல் தலைவர் முடித்துவிட்டார். "முதல்லை பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டு அவவைக் கௌரவிப்பம். மிச்சத்தைப் பேந்து பாப்பம்." எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பொன்னாடை போர்த்துவது எங்களுக்குக் கைவந்த கலை. சமையலறைக் கதவின் திறப்பைக் கொடுப்பதுதான் வராது.

விழாவன்று அக்கா வேலை முடிந்து நேரே வந்தார். முன்வரிசையில் இருத்தினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, நடுவில் நடனங்கள். அக்கா நித்திரையை விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஒருவழியாக மேடைக்குக் கூப்பிட்டு, சரிகைப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, படம் எடுத்து, மைக்கையும் நீட்டினார்கள். அக்கா சுற்றிவளைக்கவில்லை. நன்றி சொன்னார். பிறகு, "வருகிற சனிக்கிழமையிலிருந்து உங்கள் சமையலறையை எங்களுக்குத் தருவீர்களா? எங்கள் முதியவர்கள் காத்திருக்கிறார்கள்," என்று கேட்டார்.

தலைவர் மைக்கை வாங்கி மொழிபெயர்த்தார். "எங்கடை சமூகத்துக்கு அவா மனமார நன்றி சொல்லுறா!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. பாதிப் பேருக்காவது பிரெஞ்சு விளங்கும். நான் எழும்பி மேடைப் பக்கம் போவதற்குள் அடுத்த நடனத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். தலைவரைப் பிடித்துக் கேட்டேன். "மேடையிலை போய் உதுகளைக் கதைக்கிறதே, தங்கச்சி?" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

குளிர்க்கோட்டுகள் மாட்டுகிற இடத்தில் அக்கா சந்தோசமாக நின்றார். சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள் என்று கேட்டார்.

"அக்கா, அவர்கள் ஓம் சொல்லவில்லை."

"கைதட்டினார்களே?"

"எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் கைதட்டுவார்கள்."

அக்கா மர வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தை மாட்டத் தொடங்கினார். ஒரு காலில் மாட்டிவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "பெப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம் வரட்டும், பார். ஊரெல்லாம் கூப்பிட்டுப் பாராட்டும். மார்ச்சில் நான் போன் எடுத்தால் ஒருவரும் தூக்கமாட்டார்கள். கேடயம் வைக்க வீட்டில் இடமில்லை," என்றார். பிறகு மெல்லக் கேட்டார். "சனிக்கிழமை அந்த முதியவர்களுக்கு நான் என்ன சொல்ல?"

"என் வீட்டில் சமைப்போம்," என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசால் வந்த வார்த்தை இல்லை. அந்த ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் என் இடுப்புக்குக் கேடுகாலம். இரண்டாம் மாடி, வெளிப்பக்க இரும்புப் படி, படி முழுக்க ஐஸ். வீட்டு அடுப்பில் பெரிய சட்டி ஒன்று வைத்தால் மற்றதற்கு இடமில்லை. "இது வீடோ, மடமோ?" என்று கேட்டுக்கொண்டே என் மனுசன் படிக்கு உப்புத் தூவுவார். சோற்றுச் சட்டியைச் சூடு ஆறாமல் கீழே இறக்க ஒரு தடித்த துணி வேண்டியிருந்தது. அக்கா தன் பையிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்துச் சட்டியைச் சுற்றிக் கட்டினார். நல்லாய்ச் சூடு தாங்கியது. ஒரு வீடும் தவறவில்லை, சாப்பாடு போனது.

இப்போது பனி கரைந்துவிட்டது. குழாய் இன்னும் திருத்தியபாடில்லை. போன கிழமை தலைவர் போன் எடுத்தார். சித்திரை விழாவில் கறுப்பின மக்களுக்கான என் சேவையைப் பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

வெங்காயம் உரித்தபடி அதை அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்பிலிருந்த சூப்புச் சட்டியைப் பார்த்தார். "போய் வாங்கிக்கொண்டு வா," என்றார். "இதற்கும் ஒன்று தேவைதான்."

போவேன். மைக்கை என்னிடம் தந்தால் சமையலறையைத் தமிழிலேயே கேட்பேன், மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாது. அதற்கும் கைதட்டுவார்கள்.