தம்பி அடித்த தாளம்

முந்தல் ஊரில் ஒரு கலியாண வீட்டில் ஒரு கிட்டார்காரரைச் சந்தித்தேன். மெலிந்த மனிதர், வலது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார். அந்தக் காலால் ஒரு சின்னப் பெட்டியை மிதித்தால், வாசித்ததை அது பிடித்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். தனி ஆள் ஒரு குழுவாக வாசிக்கத்தான், பிள்ளைகளே, அதைச் செய்திருக்கிறார்கள்.

அன்று அதில் ஒரே மேளத் தாளம்தான் ஓடியது.

“ஆடுறதுக்கு ஒரு பைலா போடுங்க அண்ணே, நித்திரை வருது!” என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கத்தினார்கள்.

“இது என்ட தம்பி அடிச்ச தாளம். கடலுக்குப் போனவன், வரல்ல. பெட்டி ஒரு தாளத்தத்தான் வச்சிருக்கும், புதுசு போட இத அழிக்கோணும்” என்றார் அவர் என்னிடம்.

“அழிச்சா திரும்ப எடுக்க ஏலாதா?”

“ஏலாது.”

மறுபடி கத்தினார்கள். அவர் பெட்டியை அழுத்திப் பிடித்து அதை அழித்தார். பைலா தொடங்கியது.

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அந்தத் தாளத்தை முதலில் அதில் பதிந்துகொள்ளலாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.