பங்காரப்பேட்டை வரைக்கும் ஒரு சீட்

ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க. நேத்து காலையில, கே.ஜி.எஃப். வீட்ல, ட்ரெயினுக்குக் கிளம்பிட்டிருக்கும்போதே நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். அக்கா பெங்களூர்ல ஒரு லேப்ல சயின்டிஸ்ட். தோலுக்கு நிறம் குடுக்கிற செல் சில பேருக்கு ஏன் காணாமப் போகுதுன்னு வாழ்க்கை பூரா அதையே பார்த்துட்டிருந்தவங்க.

எனக்கு அவங்க மாரிகுப்பம்-பெங்களூர் ட்ரெயின் சிநேகிதி.

அக்காவோட அம்மா கே.ஜி.எஃப். விட்டு வரமாட்டேன்னுட்டாங்க, அதனால அக்கா தினமும் அப் அண்ட் டவுன். "எங்கப்பா தங்கச் சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கினாரு, நான் ட்ரெயின்ல ஏறுறேன். ஷிஃப்டு ஷிஃப்டுதான் உமா"ன்னு சிரிப்பாங்க.

ஞாயித்துக்கெழமையும் போவாங்க. லேப்ல வளர்ற செல்லுக்கு சாப்பாடு மாத்தணுமாம், அதுக்கு லீவு நாள் எல்லாம் தெரியாதாம். மாமியார் கூட இவ்ளோ வேலை வாங்கமாட்டாங்கக்கான்னு லேடீஸ் கோச்ல ஓட்டித் தள்ளுவோம்.

இனிமே சொல்றது நான் யார்கிட்டயும் சொல்லாதது...

எனக்கு வெண்புள்ளி இருக்கு. ரெண்டு கையிலயும், உதட்டுலயும். கே.ஜி.எஃப். ஆண்டர்சன்பேட்டையில எங்க துணிக்கடைக்கு வர்றவங்க நான் எடுத்துக் காட்டற புடவையைத் தொடமாட்டாங்க. அப்பா என்னை கல்லாவுக்குப் பின்னாடி உள் ரூமுக்கு மாத்திட்டாரு. அதான் பெங்களூர்ல வேலை தேடிக்கிட்டேன்.

ட்ரெயின்லயும் ஃபுல் ஸ்லீவ்தான். எல்லாரும் டிபன் பாக்ஸ் மாத்திப்பாங்க, என்னோடது மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு நாள் அக்கா வந்து பக்கத்துல உட்கார்ந்து, கேக்காம கொள்ளாம என் பாக்ஸ்ல இருந்து ஒரு இட்லி எடுத்து சாப்பிட்டாங்க. அன்னிக்கு ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன்.

அதுக்கப்புறம் யார் முதல்ல ஏறினாலும் இன்னொருத்தருக்கு கர்சீஃப் போட்டு சீட் பிடிக்கிறதுதான் பழக்கம்.

ரெண்டு வருஷம் கழிச்சு தயங்கித் தயங்கி கேட்டாங்க. ஆராய்ச்சிக்கு என் கையில இருந்து தோல் கொஞ்சம் தருவேனான்னு... மிளகு அளவு போதும், மரத்துப்போக ஊசி போட்டுதான் எடுப்பாங்களாம், வேணாம்னா வேணாம்னாங்க.

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. "அப்போ என் கையைப் பார்த்துதான் அன்னிக்கு வந்து உட்கார்ந்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஆமா உமா"ன்னாங்க. ஒரு பொய் சொல்லியிருக்கலாம்... அவங்களுக்கு வராது.

அடுத்த நாள்ல இருந்து வேற கோச். ஏழெட்டு மாசம் பேசல. பிளாட்ஃபார்ம்ல பார்த்தா கூட மூஞ்சைத் திருப்பிக்கிட்டேன். எவ்ளோ திமிர் பாருங்க எனக்கு.

ஒரு மழை நாள், ட்ரெயின் கிளம்பற நேரம், ஓடிப்போய் கிடைச்ச கோச்ல ஏறினேன். அங்க ஒரே சண்டை. ஒரு அம்மா அக்காவைப் பிடிச்சு கத்திட்டிருக்காங்க, "தினமும் யாருக்கும்மா இந்த சீட்டு? ஒருத்தியும் வர்றதில்ல!"

ஜன்னல் பக்கம் அக்காவோட நீலக் கர்சீஃப்.

பங்காரப்பேட்டை வர்ற வரைக்கும் அக்கா அந்த சீட்டை யாருக்கும் விடமாட்டாங்களாம். அங்க கும்பல் ஏறினதும் எடுத்துடுவாங்களாம். தினமும் இதே கதைதானாம்.

போய் உட்கார்ந்தேன்.

அப்புறம் அக்காவே சொன்னாங்க. "மொத நாளு உன் கையைப் பார்த்துதான் உக்காந்தேன். ரெண்டாவது நாள்ல இருந்து உனுக்காக. நீ அதைக் கேக்காமயே எழுந்து போயிட்ட."

அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் ஒண்ணா போனோம். ஒரு தடவை கூட தோல் பத்தி அக்கா வாய் திறக்கல. நானா தர்றேன்னு சொல்லியிருக்கலாம்... நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னே விட்டுட்டேன். இது என்னை விடாது.

இன்னிக்கு அடக்கத்துக்கு அக்காவோட லேப் பொண்ணு வந்திருந்தா. அந்த வேலையை இனி அவதான் பார்க்கப்போறாளாம். தோல் இன்னும் வேணுமான்னு கேட்டேன். அழுதுட்டே தலையாட்டினா. திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்.

இதோட போட்டிருக்கிற போட்டோவுல அக்கா தோள் மேல இருக்கிற கை என்னோடதுதான். இத்தனை வருஷம் இந்த போட்டோவை யாருக்கும் காட்டினதில்ல.

போயிட்டு வாங்கக்கா... திங்கக்கிழமை நம்ம கோச்லதான் ஏறுவேன். பக்கத்து சீட்ல கர்சீஃப் போட்டு வைக்கிறேன். யார் கத்தினாலும் சரி, பங்காரப்பேட்டை வரைக்கும் எடுக்கமாட்டேன்.