தண்ணீர் கிடைத்தது, 0 அடி

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் கம்பெனிக்கு நான் எழுதிய ஆப், போர் போட்டு முடிந்ததும் நிலத்துக்காரருக்கு மெசேஜ் அனுப்பும். வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த நிலத்துக்காரர் ஒருவருக்கு, "தண்ணீர் கிடைத்தது, 0 அடி" என்று போனது. அவர் தன்னுடன் இருந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார். உண்மையில் வந்தது வெறும் புழுதி.

தண்ணீர் வராவிட்டால் டேட்டாபேஸில் ஆழம் காலியாக இருக்கும். எந்த விவரம் எண், எது காலியாக இருக்கலாம் என்று ஆப்புக்குச் சொல்லும் டைப்களைக் கையால் எழுதிய நானோ, ஆழம் எப்போதும் ஓர் எண் என்று வைத்திருந்தேன். காலி, பூஜ்ஜியமாகிவிட்டது; எண் இருப்பதால் தண்ணீர் வந்ததாக ஆப் எடுத்துக்கொண்டது.

அவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, டேட்டாபேஸைப் படித்து டைப்களைத் தானே எழுதும் கருவியை ஓட்டினேன். ஆழம் காலியாக இருக்கலாம் என்பதை ஆப்பின் நிரலில் நான் மறந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு விழுந்தது. எல்லாவற்றையும் திருத்தினேன்.

அவர் மறுபடி போர் போட்டார். தண்ணீர் கிடைத்ததாக மெசேஜ் போனதும் என்னையே போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இந்தத் தடவை நெசமாலுமே தண்ணி வந்திருச்சுங்களா?"

"ஆமாங்க, இனிப்பு வாங்குங்க" என்றேன். இனி காலி பூஜ்ஜியமாகாது என்று அவ்வளவு நம்பியதால், ரிக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.