டீச்சர் கோதன்பர்க் போயிருந்த நாள்

இந்தப் பருவத்தின் முதல் உப்பை வாரிக்கொண்டிருந்தோம். வரப்பின் மேல் சலீம் பாயின் வண்டி தடதடத்து வந்தது. மளிகைக் கடையைப் பட்டப்பகலில் சாத்திவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்.

"பெரியவரே, நம்ம ரெஜினா டீச்சர் தவறிட்டாங்க. தூக்கத்துலயே உயிர் போயிருக்குது."

"நேத்து சாயங்காலம்தானே என்கூட சண்டை போட்டாங்க?" என்றேன்.

"ஆமா, என் கடைல நின்னுதானே போட்டீங்க. நானும் பார்த்தேன்."

நல்ல சண்டைதான். பிராக் நகரம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது பற்றி. அது தீர்வதற்குள் டீச்சர் போய்விட்டார். ஆகவே என் பக்கம் இன்னும் தோற்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

டீச்சரின் தம்பி மகன் அருள், முப்பதாம் நாள் பூசைக்கு வெளியிடும் மலரில் நான் எழுத வேண்டும் என்று கேட்டான். ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்த நேரம் போக, கிளை நூலகத்தில் நானாகப் படித்தது. திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போன வருடத்திலிருந்து கோயில் வாசலை மிதிக்காதவன். காரணம் கேட்டு நான் கொடுத்த மனுக்களுக்குப் பங்குப் பேரவை இன்றுவரை பதில் தரவில்லை. கோயில் மலரிலேயே இது அச்சாக வேண்டும் என்பதும் என் நிபந்தனை. இனி டீச்சரைப் பற்றி.

உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் ஏதோ ஒரு வேலைக்காகத் தெரியும். படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவர். தாயில்லாத தம்பி பிள்ளைகளை வளர்த்தது அவர். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்து இறங்கினால், வாசலில் மனு எழுத ஒருவர், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லக் கேட்டு ஒருவர், பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ஒருவர் காத்திருப்பார்கள். கல்யாணப் பேச்சு எப்போதோ நின்றுபோனது. இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக நான் பார்க்கவில்லை. எனக்கு இருந்தது. இந்தத் தெருவில் தன் மனுவைத் தானே எழுதிக்கொண்டவன் நான் ஒருவன்தான். ஆகவே சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு எம்.ஏ. சேர்ந்தார். அதற்கு முன்பே பல வருடம் சனிக்கிழமைகளில் அந்த மொழியைப் படித்துவந்தார். இரண்டாம் வருடத்தில், ஒரு செமஸ்டரை பிரான்சில் நாந்த் என்ற ஊரில் படிக்கும் வாய்ப்பு வந்தது. செப்டம்பரில் போனால் ஜனவரியில் திரும்பலாம்.

"மழைக்காலம் பூரா பாத்தியெல்லாம் தண்ணிக்குள்ளதான் கெடக்கும். இங்க ஒருத்தருக்கும் வேலை இருக்காது. தைரியமா போய் வாங்க டீச்சர்," என்றேன்.

"லீவு நாள்ல நாலு ஊரு சுத்திப் பார்க்கணும் அண்ணா," என்றார்.

அந்த நாலு ஊருக்குத்தான் வந்தது வினை. நம் தெருவில் யாராவது வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'என் பேர்ல ஒண்ணு ஏத்திடு' என்று ஆளுக்கொரு மெழுகுவர்த்தி வந்து சேரும். டீச்சர் போவது ஐரோப்பா என்று தெரிந்ததும், லாரி வைத்திருக்கும் மரியதாஸ் முதல் ஆளாக வந்தான்.

"தொலைஞ்சதக் காட்டிக் குடுக்கற பதுவை அந்தோனியார் அங்க இத்தாலிலதானே டீச்சர் இருக்காரு? லாரி ஆர்.சி. புக்கு காணாமப் போயி எத்தினி நாளாவுது. ஒரு எட்டு போயி சொல்லிட்டு வந்துடுங்க."

"மரியதாஸு, நான் படிக்கப் போறேன். திருயாத்திரை போகல."

"படிங்க, யாரு வேணாங்கறது? படிச்ச நேரம் போவ மிச்ச நேரத்துல ஏத்துங்க."

சரி, பதுவை போகட்டும், பிராக் என்ற ஊரைப் பார்க்க ஆசை என்றார் டீச்சர். பக்கத்து வீட்டு செசிலி கையைத் தட்டினாள். "குழந்தை இயேசு இருக்கற ஊராச்சே! எம்மவளுக்குக் கல்யாணமாயி நாலு வருஷமாவுது டீச்சர், இன்னும் ஒண்ணும் இல்ல." ஜெர்மனியில் கொலோன் என்று பேச்சை மாற்றிப் பார்த்தார். குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் எலும்புகளை வைத்திருக்கும் கோயில் அந்த ஊரில்தான் என்று உபதேசியார் சொல்லியனுப்பினார். டீச்சர் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அங்கே ஒரு புனிதர் முன்பே போய் உட்கார்ந்திருந்தார். சலீம் பாய்கூட விடவில்லை. "எந்த எடமா இருந்தா என்ன டீச்சர், நல்ல எடத்துல நின்னு சவூதில இருக்கற எந்தம்பி பேரையும் ஒரு தபா சொல்லிடுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, இந்த அம்மா வாழ்நாள்ல மொத தடவையா தனக்குன்னு ஒரு எடத்துக்குப் போறாங்க. அங்கயும் உங்க வேலையத்தான் தூக்கிக் குடுப்பீங்களா?"

"நீங்க ஒண்ணும் சொல்லி அனுப்பலியா பெரியவரே?" என்றான் மரியதாஸ்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அந்த வயித்தெரிச்சல்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை.

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உலக வரைபடப் புத்தகம் பழசுதான். அட்டை போய், நடுவில் எலி கடித்தது. ஆனால் ஊர்கள் இடம் மாறுவதில்லை. புனிதர் இல்லாத ஊர் ஒன்றைத் தேடி ஐரோப்பா முழுக்க விரலை ஓட்டினேன். தெற்கே ஒரு ஊரும் தேறவில்லை. வடக்கே சுவீடனில் கோதன்பர்க் என்ற துறைமுகம் அகப்பட்டது. கலைக்களஞ்சியத்தை எடுத்துப் பார்த்துத் தெளிந்துகொண்டு டீச்சரிடம் போனேன்.

"புனிதருங்க எல்லாம் வாழ்ந்து முடிச்ச பொறவு கட்டின ஊரு இது. நம்ம தெருவுல ஒருத்தன் வாயிலயும் நுழையாது. அங்க ஒரே ஒரு நாள் இருங்க. அது உங்க நாள். யாருக்காவவும் ஒண்ணும் செய்யக் கூடாது."

"செஞ்சா?"

"அப்புறம் நான் உங்ககூட பேச மாட்டேன்."

"பேசாம இருந்துடுவீங்களா நீங்க?" என்றார். ஆனால் ஊரின் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாந்த்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். விடுதியில் சின்ன அறை. வகுப்பில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நரைத்த தலை இவர் ஒருவர்தான். முதல் நாள் இவரைப் பேராசிரியர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்களாம். இவரும் பழக்கத்தில் "உட்காருங்க" என்று தமிழில் சொல்லிவிட்டாராம். பரீட்சைக்கு முன்னால் பயமாக இருக்கிறது என்றார். எத்தனை பிள்ளைகளைப் பயமுறுத்தியிருப்பீர்கள், அனுபவியுங்கள் என்றேன். பக்கத்திலேயே கடலோரம் உப்பளங்கள் இருப்பதாகப் படித்திருந்தேன். போய்ப் பார்த்து, பாத்தி எப்படிக் கட்டுகிறார்கள் என்று சொல்லும்படி கேட்டேன்.

"இத்தினி வருஷம் பஸ்ஸு ஜன்னல் வழியா உப்பளத்ததான் பார்த்தேன். அங்க போயும் அதையேவா பார்க்கணும்? நீங்களும் வேலை வைக்க ஆரம்பிச்சுட்டீங்களா அண்ணா?"

பேச்சைப் பரீட்சைக்குத் திருப்பினேன். கேட்டது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பதுவைக்குப் போன அன்று வீடியோவில் கூப்பிட்டார். தெருவில் பெரிய போன் என்னிடம்தான் இருந்தது, என் மகன் வாங்கித் தந்தது. ஆகவே கோயில் வாசலை மிதிக்காதவன் வீட்டுக் கூடத்தில் பதுவைக் கோயில் வந்து இறங்கியது. செசிலி முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். மரியதாஸ் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான். அதற்கு முன் என் வீட்டுக்குள் அவன் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அந்தோனியாரின் கல்லறைமேல் கையை வைத்து டீச்சர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒன்றைக்கூட எழுதி வைத்திருக்கவில்லை. பாயின் தம்பி பெயரும் வந்தது. பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கூடப் படிக்கும் பிரேசில் நாட்டுப் பெண்ணாம். அவளுடைய அப்பாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாளாம்.

"பிரேசில்காரியுமா?" என்று கத்தினேன்.

"அண்ணா, சும்மா இருங்க. கோயில்ல இருக்கேன்."

அந்தப் பிள்ளைகள் போகுமிடமெல்லாம் இவரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் சொன்னார். அவர்கள் ஒரு ஊரில் இறங்கியதும் எங்கே போவதென்று போனைத் தடவிக்கொண்டு நிற்பார்களாம். இவர் மட்டும் நேராக நடப்பாராம். "போற எடத்துல நமக்குன்னு ஒரு வேலை இருந்தா, பயம் வராது அண்ணா. தெரியாத ஊருகூட நம்ம ஊரு மாதிரி ஆயிடும்." என்னை மடக்குவதற்காகவே அவர் சொன்ன வார்த்தை இது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் நல்ல வார்த்தை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பிராக்கிலிருந்து பேசியபோதுதான் எங்கள் சண்டை தொடங்கியது. செக்கோஸ்லோவாகியா எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அந்த நாடு ரெண்டாப் பிரிஞ்சு எவ்ளோ காலமாச்சு! இப்ப அந்தப் பேரே கெடையாது."

"புத்தகத்துல இருக்குதே."

"நான் அங்கயே நின்னு பேசறேன் அண்ணா!"

"நாடு என்னவாச்சு, யார் பிரிச்சாங்கன்னு தெருவுல நின்னு பார்த்தா தெரியுமா?"

இப்படியே வருடக்கணக்கில் போனது. இறப்பதற்கு முந்தின மாலைவரை.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது, ஊர் திரும்புவதற்கு முன், கோதன்பர்க் போனார். மழை நின்று பாத்தி சீர்செய்யும் வேலை தொடங்கியிருந்தது; அன்று போன் வரும் என்று நான் உப்பளத்துக்குப் போகவில்லை. மதியம் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அண்ணா, இங்க மீன் மார்க்கெட்டையே கோயில் மாதிரி கட்டி வெச்சிருக்காங்க. உள்ள போயிப் பார்த்தா வஞ்சிரம் மாதிரி ஏதோ படுத்திருக்குது. மெழுகுவத்தி ஏத்த எடமே இல்ல."

"நான் சொன்னேன் இல்ல?"

வெளியே வந்துவிட்டார் போல. காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப என்ன பண்றதுன்னே தெரியல அண்ணா," என்றார். எந்த வகுப்பிலும் எந்தக் கூட்டத்திலும் நான் கேட்காத குரல் அது. "போற எடமில்ல. யாருக்கும் ஒண்ணும் வாங்க வேணாம். காலு தானா நின்னுடுச்சு."

"நல்லது. போனை ஆஃப் பண்ணிடும்மா," என்றேன்.

"நெஜமாவா?"

"ஆஃப் பண்ணு."

அவரை நான் ஒருமையில் பேசியது அந்த ஒரு முறைதான். போன் அணைந்தது. அன்று முழுக்க அருள் கூப்பிட்டான், செசிலி கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. என்னிடம் வந்து கேட்டார்கள். டீச்சர் லீவு என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டு, "சாப்ட்டீங்களா அண்ணா?" என்றார். குரல் தெளிந்திருந்தது. பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றார். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பி வந்தார். மரியதாஸின் ஆர்.சி. புக் கிடைத்தது. லாரி சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. அந்தோனியார் இல்லாமலும் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. செசிலிக்குப் பேரன் பிறந்தான். அதில் நான் கருத்துச் சொல்லவில்லை. பதுவை, பிராக், கொலோன் கதைகளை டீச்சர் எல்லோருக்கும் அலுக்காமல் சொன்னார். கோதன்பர்க்கில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அது என் நாள் அண்ணா. நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தானே ஊரையே கண்டுபுடிச்சுக் குடுத்தேன்!"

"அதனால? அதுக்குக் கூலி கேக்கறீங்களா?"

ஏழு வருடம் விதவிதமாகக் கேட்டேன். கடலைப் பார்த்தீர்களா, பனி பெய்ததா, யாரோடாவது பேசினீர்களா என்று. சிரிப்பார். யாரும் அந்த நாளில் கை வைக்கக் கூடாது என்று வாதாடியவன் நான். என் வாதத்தை வைத்தே எனக்குக் கதவைச் சாத்திவிட்டார். இதைவிட நேர்மையாக யாரும் என்னைத் தோற்கடித்ததில்லை. தோற்றேன் என்று ஒப்புக்கொண்டதாக அருள் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்குப் பிறகு வருடந்தோறும், பொங்கலுக்கு முந்தின வாரத்தில் ஒரு நாள் டீச்சர் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். போன் எடுக்காது. காலையில் பஸ் ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். புதுச்சேரிப் பக்கமா, திண்டிவனம் பக்கமா, யாருக்கும் தெரியாது. ஒரு முறை செசிலி மறித்துக் கேட்டாள்.

"எங்க டீச்சர் போயிட்டு வர்றீங்க?"

"கோதன்பர்க்குக்கு," என்றார். கையில் வெறும் பை. முகம் குளிர்ந்திருந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல வாசலில் நின்றவர்களுக்கு மனு எழுதினார்.

அடக்கத்தன்று கல்லறைவரை போனேன், கோயிலுக்குள் போகவில்லை. டீச்சர் அதைத் தப்பாக நினைக்க மாட்டார். தெரு முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அவருக்குச் சேர வேண்டியதுதான். அங்கேயே பேச்சு தொடங்கிவிட்டது. வருடா வருடம் எங்கேதான் போனார் என்று. "பெரியவருக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறாரு," என்றான் மரியதாஸ். எனக்குத் தெரியாது. அருள் என்னிடம் தனியாக வந்தான். பஸ் கண்டக்டர்களைக் கேட்டால் தெரிந்துவிடும், மலரில் போடலாம் என்றான்.

"டேய், அவங்ககிட்ட இருந்ததெல்லாம் உங்களுக்குத்தான் குடுத்தாங்க. குடுக்காம வெச்சுக்கிட்டது அது ஒண்ணுதான். அதை விட்டுடு," என்றேன்.

பையன் நல்லவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றான். நீங்களும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தப் பூட்டிய கதவைத்தான். பிராக் சண்டையை நான் முடிக்கப் போவதில்லை. தேர் விஷயத்தில் மனு தொடரும். ஆனால் வரும் தை பிறப்பதற்கு முந்தின வாரத்தில் ஒரு நாள் என் வீட்டுக் கதவும் பூட்டியிருக்கும். போன் உள்ளே மேசைமேல் கிடக்கும். எங்கே போனேன் என்று திரும்பி வந்ததும் யாரும் கேட்க வேண்டாம். மரியதாஸ், உன்னைத்தான் சொல்கிறேன்.