சிவந்த பஞ்சு

அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெயர் பெட்டிக்காரி. பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குப் புது நிறம் அடிப்பது தொழில். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பூச்சு காயக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஏழு தடவை எழுந்து போய்ப் பார்ப்பாள்.

அவள் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் இயந்திரத்தோடு கட்டிலில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போனேன்.

அவள் வேலை சுத்தம். விசிறி, போர்டு எல்லாம் கழற்றிவிடுவாள். கழற்ற முடியாத ஒயர் சொருகும் ஓட்டைகளுக்கு டேப். முகத்துக்கு மாஸ்க். ஆனால் ஈரப் பெயிண்டில் தூசி விழும் என்று, பெயிண்ட் அடிக்கும் பின்னறை ஜன்னலை அடைத்துவிடுவாள். நான் திறப்பேன், அவள் அடைப்பாள்.

“நடுவுல கதவு சாத்தித்தானே இருக்கு நர்சம்மா?”

“கதவுக்கு அடியில என் விரலே நுழையுது. காத்து நுழையாதா?”

கட்டிலிலிருந்து அவர், “எனக்கும் ரெண்டு கோட் அடிச்சு, பெட்டியோட அனுப்பிடு” என்றார்.

“வாயை மூடிட்டு மூச்சு விடுங்க” என்றாள்.

அந்த வாரம் எட்டுப் பெட்டிகள், அத்தனையும் சிவப்பு. சனிக்கிழமை கொடுக்கவேண்டும். வியாழன் காலை அவர் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் எண்பத்தாறு என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போகக்கூடாது. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஜன்னல்களைத் திறந்தேன். இயந்திரத்தின் பின்னால் காற்றை வடிகட்டும் வெள்ளைப் பஞ்சை உருவினேன். சிவந்திருந்தது. புதுசை மாட்டிவிட்டுப் பழசை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். “பெட்டியில ஒரு ஓட்டை விடாம அடைச்சேனே…” என்றவள் கதவின் அடியைப் பார்த்தாள்.

எட்டையும் ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்குத் தூக்கினாள். ஸ்ப்ரே டப்பாக்களும் போயின. அங்கே காற்று, தூசி. படியிலேயே நின்று போன் செய்தாள். “சனிக்கிழமை ஆகாதுங்க. செவ்வாய். அவசரம்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

சாயங்காலம் முதல் பெட்டியைப் போனில் படம் எடுத்து வந்து கணவருக்குக் காட்டினாள்.

“என்னடி, நடுவுல கொசு ஒட்டிட்டிருக்கு?”

“தேய்ச்சு மறுபடி அடிச்சுக்கலாம். விரலைக் காட்டுங்க.”

தொண்ணூற்று மூன்று.

மாடிக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தாள், மறுபடி விரலைக் கேட்டாள்.