ஹில்டாவின் காகிதக் கொடிகள்

நனைந்த சப்பாத்து மணமும் கருகிய கோப்பி மணமும் சேர்ந்து வந்தால், மொன்றியலின் வில்லரே பகுதியில் நான் வேலை செய்த டெபனர் என்ற மூலைப் பலசரக்குக் கடைதான் இப்போதும் ஞாபகம் வரும்...

காலையில் முதல் ஆளாக ஹில்டா வருவார். எண்பதை எட்டப்போகும் ஜேர்மன்காரி. ஒரு பால் பெட்டி, ஒரு பேப்பர். அவருடைய பிரெஞ்சில் ஜேர்மன் வாடை, என்னுடையதில் திருகோணமலை வாடை. ஆனாலும் எங்கள் கதைக்குக் குறைவில்லை.

ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. கல்லாவுக்குப் பின்னால் எங்கள் மாவட்ட வரைபடத்தை ஒட்டியிருந்தேன். இணையத்தில் எங்கள் இயக்கத்தின் வெற்றிச் செய்தி வரவர, அதில் சொன்ன ஊரில் ஒரு குண்டூசி குத்துவேன். பால் வாங்க வந்தவர்களையும் விடமாட்டேன், காட்டுவேன். அப்படி ஒரு பைத்தியம்.

அந்த ஊசிகளுக்கு நடுவில்தான் என் தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். ஒருநாள் போன் எடுத்தாள்.

“அண்ணா, சனம் வெளிக்கிடுது. நாங்களும் போகவோ, இருக்கவோ?”

“எங்க போகப்போறாய்? பேசாம இரு. எல்லாம் நல்லாத்தான் போகுது.”

மொன்றியலில், கையில் சூடான கோப்பியோடு நின்றுகொண்டு சொன்னேன்.

சில நாள் கழித்து ஹில்டா அந்த வரைபடத்தைக் கவனித்தார். முகமெல்லாம் சிரிப்பு. “நானும் இதில் கெட்டிக்காரி” என்றார்.

அவர் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அன்று அவருடைய தெருவில் யாரும் கைதட்டவில்லையாம். அம்மா சத்தமில்லாமல் சவர்க்காரம் வாங்கி அடுக்கினாராம். முந்தின போருக்குப் போய் வந்த அப்பா அன்று சாப்பிடவே இல்லையாம்.

பிறகு றேடியோவில் எக்காளம் ஊதத் தொடங்கியது. எக்காளம் என்றால் வெற்றிச் செய்தி. வேற்று நாட்டு நிலையம் கேட்டால் தண்டனை என்று ஒரு சின்ன அட்டை றேடியோவிலேயே தொங்கும். வகுப்பில் பெரிய வரைபடம். படை பிடித்த ஊரை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குத்தான் காகிதக் கொடி குத்தக் கிடைக்கும்.

“எப்போதும் நான்தான் முதல்” என்றார் ஹில்டா. “அந்த ஊர்களில் ஆட்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.”

பிரான்ஸ் விழுந்தபோது கோயில் மணிகள் ஒரு கிழமை அடித்தனவாம். அம்மாகூடச் சிரித்தாராம். சண்டை முடிந்தது, போருக்குப் போன மூத்த மகன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று.

“பிறகு?” என்றேன்.

“பிறகு றேடியோவில் ஊர்ப்பெயர் வருவது குறைந்தது. வீரம், தியாகம் என்று மட்டும் சொன்னார்கள். கொடி குத்த இடமில்லை. ஒருநாள் வரைபடத்தையே காணோம். எனக்கு டீச்சரில் சரியான கோபம்.”

பால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் திரும்பி வந்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பிச் சுவரைப் பார்த்தேன்... நான் கடைசி ஊசி குத்திப் பத்து நாள். வெற்றிச் செய்தி மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது. ஊர்ப்பெயர்தான் இல்லை.

வரிசையில் நின்றவர்களைக் காக்கவைத்துவிட்டுப் போன் எடுத்தேன்.

“பிள்ளையளக் கூட்டிக்கொண்டு இப்பவே வெளிக்கிடு. ஒண்டும் கேளாத.”

போனாள். நாலாம் நாள் அந்த வீட்டுக்குக் கூரை இல்லை.

அந்தச் செய்தி வந்த அன்றே வரைபடத்தைக் கழற்றிவிட்டேன். மறுநாள் காலை ஹில்டா வெறும் சுவரைப் பார்த்தார். “உன் டீச்சரும் எடுத்துவிட்டாரா?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். நன்றி சொல்லியிருக்கலாம்.

ஹில்டா இப்போது இல்லை. அந்தக் கடை, சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரி ஆகிவிட்டது. தங்கச்சி மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் இருக்கிறாள். அவளுடைய மகன் போனில் எந்தெந்த நாட்டுச் சண்டை வீடியோக்களையோ பாட்டோடு போட்டுக்காட்டி, “மாமா, இதப் பாருங்கோ” என்பான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் ஊர்ப்பெயரைத் தேடுவேன். பிறகு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று.

தங்கச்சி இன்றைக்கும் விடமாட்டாள்.

“அண்டைக்கு உனக்கு ஆரோ உள்ளுக்கிருந்து தகவல் தந்திருக்கினம், என்ன?”

“ஓம். ஒரு ஜேர்மன்காரி. பால் வாங்க வந்தவ.”

“சும்மா பகிடி விடாத” என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவாள்.